ஏலத்தில் போன கம்பளி

தலைமை வகிக்கும் கனம் போதகர் ஐயா அவர்களே, சபைக் கமிட்டியின் செயலாளர் ஜான்பீட்டர் அவர்களே, மேடையில் இடம் பிடித்திருக்கும் மற்றப் பெரியவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் கிருபாராணி அம்மா அவர்களே, தேன்கனிக்கோட்டைச் சபையின் சகோதர சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்னை இந்த மேடையில் கண்டதும் சிலர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். சுளிக்கட்டும். நமது மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவன் நான். என் நாற்காலியைப் பிடுங்கி யாருடைய மைத்துனருக்குக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், இந்த மேடையில் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அன்று முதல் இந்த ஆலயத்தின் வாசலை நான் மிதித்ததில்லை. இன்றும் மிதித்திருக்க மாட்டேன். கிருபாராணி அம்மா ஆள் அனுப்பினார். "சார் வந்து பேசலைன்னா எங்க வீட்டுக்காரருக்கு இரங்கல் கூட்டமே வேணாம்னு சொல்லிடுங்க" என்றாராம். அந்த ஒரு சொல்லுக்காக வந்தேன். உங்களைச் சமாதானப்படுத்த வரவில்லை. நானும் சமாதானமாகி வரவில்லை.

மலைச் சபைகளின் உபதேசியார் தேவமணி அவர்கள் மறைந்துவிட்டார்! அஞ்செட்டி மலையின் காட்டுப் பாதைகள் அத்தனையும் அறிந்த உபதேசியார் தேவமணி அவர்கள் மறைந்துவிட்டார்! தமிழில் தொடங்கி, கன்னடத்தில் நடந்து, தெலுங்கில் போய் முடிகிற பிரசங்கம் செய்த உபதேசியார் தேவமணி அவர்கள் மறைந்துவிட்டார்!

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். இயேசுவின் சிநேகிதர் என்றார்கள். ஒருவர் சொன்னார், இன்னொருவர் சொன்னார், மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். செயலாளர் அவர்கள் எழுந்து, ஆலயச் சுவரில் சலவைக்கல் ஒன்றைப் பதித்து, அதில் இயேசுவின் உத்தம சிநேகிதர் என்று பொறிக்கத் தீர்மானம் கொண்டுவரப் போவதாக உரத்த குரலில் அறிவித்தார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு இரண்டாவது தீர்மானத்தை மெல்லிய குரலில் படித்தார். எத்தனை பேர் காதில் விழுந்தது? மலை ஊழியம் இனி நிறுத்தப்படும். வேறு உபதேசியார் அனுப்பப்பட மாட்டார். ஆலயத்து மாட்டு வண்டி இனி மலைக்குப் போகாது. கல்லை உரக்கப் படித்தார், வண்டியை மெல்லப் படித்தார்!

அந்த இரண்டாவது தீர்மானத்தைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இயேசுவின் சிநேகிதன் என்றால் என்ன?

இந்த ஆலயத்தில் நான் இருந்த காலத்தில் சாட்சி சொல்லும் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். "இயேசு என் சிநேகிதர், என் மகனுக்குச் சேலத்தில் வேலை கிடைத்தது." "இயேசு என் சிநேகிதர், தாலுகா ஆபீசில் என் காரியம் முடிந்தது." "இயேசு என் சிநேகிதர், என் கிணற்றில் தண்ணீர் வந்தது, பக்கத்துக் கொல்லைக்காரன் கிணற்றில் வரவில்லை." நல்லது. இப்படிப்பட்டவருக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. சிபாரிசு செய்கிற பெரிய உத்தியோகஸ்தர் என்று சொல்வோம். அவர் வீட்டுக்கு நாம் போவோம், அவர் நம் வீட்டுக்கு வந்தால் பயப்படுவோம். அவர் சாப்பிட்டாரா என்று கேட்க மாட்டோம். அவருக்கு யார் யார் வேண்டியவர்கள் என்று விசாரிக்க மாட்டோம். இதுவா சிநேகம்?

தேவமணி அவர்களிடம் ஒரு முறை இதைக் கேட்டேன். சந்தை நாளில் மலையிலிருந்து இறங்கினால் என் வீட்டுக்கு வராமல் போக மாட்டார். உங்களில் ஒருவரும் எட்டிப்பார்க்காத வீடு அது. வருவார், மூக்குப்பொடி டப்பாவைத் தட்டுவார், என் மனைவி போடும் காபி தண்ணீராக இருக்கிறது என்று குறை சொல்வார், அதையே இரண்டாவது தடவையும் வாங்கிக் குடிப்பார். ஆலயத்துக்கு வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான்தான் வம்புக்கு இழுப்பேன்.

"என்ன உபதேசியாரே, உங்க சிநேகிதர் எப்படி இருக்கார்? மலைக்காய்ச்சலைத் தவிர வேற ஏதாவது கொடுத்தாரா?" என்றேன்.

"அவரு குடுக்கறது இருக்கட்டும் சார். அவரோட சிநேகம் வச்சா ஒரு தொந்தரவு இருக்குது, அத யாரும் உங்களுக்குச் சொல்லலியா?"

"என்ன தொந்தரவு?"

"அவரு தனியா வரவே மாட்டாரு சார். வாய்யா உள்ளன்னு கதவத் தொறந்தா, பின்னாலயே நாலு பேரக் கூட்டினு வந்து நிப்பாரு. ஒருத்தன் குளிச்சிருக்க மாட்டான். ஒருத்தன் குடிச்சிருப்பான். இவங்கெல்லாம் யாருய்யான்னு கேட்டா, எனக்கு வேண்டியவங்க, எங்கூடத்தான் சாப்பிடுவாங்கன்னுடுவாரு. என்னா பண்றது? அவங்கள வெளிய நிறுத்தினா அவரும் வெளியவே நின்னுக்குவாரு."

சபையோரே, நான் பி.ஏ. படித்தவன். வேத சாஸ்திரப் புத்தகங்களும் வாசித்தவன். கிறிஸ்தவ வாழ்க்கையில் இயேசுவின் சிநேகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. அவருக்கு வேண்டியவர்கள் நமக்கு வேண்டியவர்கள் ஆகாத வரைக்கும் நாம் அவருக்குச் சிநேகிதர்கள் அல்ல, வெறும் மனுதாரர்கள்!

தேவமணி அவர்கள் அதைச் சொல்லிவிட்டுப் பொடி போட்டுக்கொண்டு சும்மா இருந்தவர் அல்லர். சூளகிரியில் நம் சபைக் குடும்பத்துக் கல்யாணம் ஒன்று நடந்ததே, நினைவிருக்கிறதா? மலையிலிருந்து இரண்டு பேரை அவர் கூட்டிவந்திருந்தார். பெண் வீட்டார் அவர்களை வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்காரவைத்தார்கள். இவருக்குப் பந்தியில் முதல் இலை. இவர் தன் இலையைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். பெண்ணின் தகப்பனார் ஓடிவந்து, "உபதேசியாரே, ஜெபம் பண்ண நீங்க இங்க வேணுமே!" என்று கையைப் பிடித்தார்.

"ஜெபம் அங்கிருந்து பண்ணாலும் மேல கேக்குங்க. சாம்பார்தான் இங்கிருந்து அங்க வந்து சேரல" என்றார் இவர்.

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு உங்கள் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தீர்கள். ஒருவராவது எழுந்து அவர் பின்னால் போனீர்களா?

நம் பக்கத்து விவசாயிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கன்னடம் பேசுகிறவர்கள் முய்யாள் என்பார்கள். இன்றைக்கு உன் கேழ்வரகுக் கொல்லையில் நான் களை எடுக்கிறேன், நாளைக்கு என் கொல்லையில் நீ எடு. கூலி இல்லை, ஆளுக்கு ஆள். தேவமணி அவர்கள் மலையில் யாரிடமும் பிரசங்கத்தோடு போய் நின்றதில்லை. முய்யாளாகப் போய் நின்றார். திருப்பி ஆள் அனுப்ப வழியில்லாத விதவைகளின் கொல்லைகளாகப் பார்த்துப் போனார். தீர்த்தகிரி என்ற மலை விவசாயி கால் ஒடிந்து கிடந்தபோது அவருடைய கொல்லையை உழுது கொடுத்தார். தீர்த்தகிரி கிறிஸ்தவர் அல்ல, இன்று வரைக்கும் அல்ல. "ஏன் அவனை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரவில்லை?" என்று கமிட்டி இவரைக் கூப்பிட்டுக் கேட்டது. "உழுததுக்குக் கூலி கேக்கற பழக்கம் எனக்கில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கையில், போன வருஷம் வரை, எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று நாமெல்லாம் கன்னடம், தமிழ் என்று கட்சி கட்டிக் கத்தினோமே, அப்போது அவர் இந்தப் பக்கத்து விதவைக்கும் அந்தப் பக்கத்து விதவைக்கும் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்லப்போவது அறுப்பின் பண்டிகை அன்று நடந்தது. இதைச் சொல்லாமல் இறங்கும்படி கூட்டம் தொடங்கும் முன் என்னிடம் இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். அதனால் உரக்கவே சொல்கிறேன்.

அஞ்செட்டிக்கு அப்பால், பஸ் போகாத ஊரில், தேவமணி அவர்கள் காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வண்டி வேண்டும். மலையில் வண்டி இல்லை, நம்மிடம் இருக்கிறது. மலைக்கென்றே வெளிநாட்டார் வாங்கிக் கொடுத்த ஆலய வண்டி! தீர்த்தகிரியைத் தேன்கனிக்கோட்டைக்கு அனுப்பினார்கள். மலையில் சேதி சொல்லி அனுப்பும்போது, சேதி அனுப்பியவருடைய பொருள் ஒன்றைக் கையில் கொடுத்து விடுவது வழக்கம். அதுதான் சாட்சி, அதுதான் கையெழுத்து. தேவமணி அவர்கள் தன் கறுப்புக் கம்பளியைக் கொடுத்தார். காய்ச்சலில் நடுங்குகிற மனிதர் ஏன் கம்பளியைக் கொடுத்தார்? நம்மை நம்பித்தான் கொடுத்தார்! அதன் மூலையில் கிருபாராணி அம்மாவின் பழைய சிவப்புச் சேலைத் துண்டு ஒட்டுப் போட்டிருக்கும். கோட்டைச் சபையில் அதை அறியாதவர் யார்? "இதப் பாத்தா போதும், வண்டி பூட்டிடுவாங்க" என்றாராம்.

தீர்த்தகிரி நடந்து வந்தார். வந்து சேர்ந்தபோது இதே வளாகத்தில், விளைச்சலிலிருந்து ஆலயத்துக்குப் படைத்த பொருள்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பூசணிக்காய், கோழி, கேழ்வரகு, மாங்காய் ஊறுகாய் ஜாடி. வாசலில் நின்ற தொண்டர்கள் கையில் கம்பளியோடு ஒருவர் வருவதைப் பார்த்தார்கள். பண்டிகை நாளில் கையில் பொருளோடு வருகிறவன் எதற்கு வருவான்? படைக்கத்தான் வருவான்! வாங்கினார்கள். மேசைமேல் வைத்தார்கள்.

ஏலம் போட்டவர் அருள்ஜோசப். நல்ல தொண்டைக்காரர். "கம்பளி! மலைக் கம்பளி! மாமியார் வீட்டுக்குப் போனா மரியாதை, மார்கழிக்குப் போத்தினா சொர்க்கம்! ஒரு தரம்!" என்று கூவினார். நீங்கள் சிரித்தீர்கள். தீர்த்தகிரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "ஐயா, அது உபதேசி ஐயரோடதுங்க, அடையாளத்துக்குக் கொண்டாந்தன். அவுரு காய்ச்சல்ல கெடக்கறாரு, வண்டி கேட்டாரு" என்றார். "கர்த்தருக்குக் குடுத்தாச்சு இல்ல, அப்பறம் என்னா? ஓரமா உக்காருப்பா, ஏலம் முடியட்டும், சாப்பாடு வரும்" என்றார்கள்.

அடக்கத்தன்று நான் தீர்த்தகிரியிடம் கேட்டேன். "நீங்க ஏன் சத்தம் போடல? கம்பளிய ஏன் புடுங்கல?"

அவர் சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "உங்க சாமி காரியம், எனக்கென்னா சாமி தெரியும்? ஏலம் போட்டு முடிச்சாத்தான் வண்டி குடுப்பாங்க போல, அதான் உங்க மொறையாட்டம் இருக்குதுன்னு உக்காந்திருந்தன்."

நம்முடைய முறை! கேட்டீர்களா? நம்மைப் பார்த்து ஓர் அந்நியன் கற்றுக்கொண்ட கிறிஸ்தவம் இதுதான்! சாகக் கிடக்கிறவனுடைய கம்பளியை ஏலம் போட்டால்தான் வண்டி வரும் என்பது நம் மார்க்கத்தின் முறை!

அந்தக் கம்பளி என்ன விலைக்குப் போனது என்று நான் சொல்ல மாட்டேன். அதை எடுத்தவர் யார் என்று சொல்கிறேன். எடுத்தவர் செயலாளர் ஜான்பீட்டர் அவர்கள். சிவப்பு ஒட்டு கண்ணில் படவில்லை என்கிறார். இருக்கலாம். ஏலத்துக்குப் பிறகாவது தீர்த்தகிரி சொன்னது காதில் பட்டதா? பட்டது. மாடுகள் காலையிலிருந்து பூசணிக்காய் இழுத்துக் களைத்திருக்கின்றன, விடிந்ததும் அனுப்பலாம் என்றார். பிறகு விருந்து. விருந்துக்குப் பிறகு நன்றி கூறுதல். நன்றி கூறுதலுக்குப் பிறகு பாட்டு. என்ன பாட்டு பாடினீர்கள் என்று நான் விசாரித்தேன். இயேசு நம் சிநேகிதர் என்றுதான் பாடினீர்களாம்!

மறுநாள் வண்டி போனது. வண்டிக்காரர் கோவிந்தன் உட்கார ஏதாவது விரிப்பு கேட்டதற்கு, செயலாளர் அந்தக் கம்பளியைத் தூக்கிப் போட்டார். அதன்மேல் உட்கார்ந்துதான் கோவிந்தன் மலை ஏறினார். தேவமணி அவர்களை வண்டியில் படுக்கவைத்து, விரிப்பை எடுத்துப் போர்த்தியபோது அவர் கை அந்த ஒட்டைத் தடவியது. சிரித்தார். "ஏம்ப்பா கோவிந்தா, இதக் காட்டி வண்டி கேட்டனுப்பினன், இது வண்டிமேலயே சவாரி பண்ணினு வருதே!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பண்டிகை நல்லா நடந்துச்சா? ஏலம் நல்லா போச்சா?" என்று கேட்டார்.

மாட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன் சார் என்று கோவிந்தன் பின்பு என்னிடம் அழுதார். வண்டி மலையை விட்டு இறங்கி முடிப்பதற்குள் உபதேசியார் தேவமணி அவர்கள் போய்விட்டார். ஒரு நாள் முன்னால் வண்டி போயிருந்தால்? டாக்டரைக் கேட்டேன். பிழைத்திருப்பார் என்றார்.

இயேசுவின் சிநேகிதர் என்று கல்லில் வெட்டப் போகிறீர்கள்! வேதம் வாசிக்கிறவர்களே, இயேசு தம் கடைசி இரவில் யாரைப் பார்த்துச் சிநேகிதனே என்று கூப்பிட்டார் என்பது நினைவிருக்கிறதா? தம்மைப் பிடித்துக் கொடுக்க ஆட்களோடு வந்தவனைப் பார்த்தும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்தக் கணக்கில் பார்த்தால் நாமும் அவருடைய சிநேகிதர்கள்தான். அந்தக் கல்லைச் செய்யுங்கள், ஆனால் தேவமணியின் பெயரைப் போடாதீர்கள். கமிட்டியின் பெயர்களைப் போடுங்கள், பொருத்தமாக இருக்கும்!

போதகர் ஐயா கையைக் காட்டுகிறார். உட்காரச் சொல்கிறாரா? உட்காருகிறேன் ஐயா. நான் இன்னும்...

யார் அது? வாசலுக்கு வெளியே, புளியமரத்தடியில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்பது யார்? தீர்த்தகிரியா? அவரேதான்! நான் இவ்வளவு நேரம் யாரைப் பற்றிப் பேசினேனோ அவரேதான்! வாங்க, உள்ள வாங்க. அருள்ஜோசப், வழியை விடுங்கள். தீர்த்தகிரி, ஏன் வெளியவே நிக்கறீங்க? எப்ப வந்தீங்க?

"கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னயே வந்துட்டங்க. சாவுக் காரியம், நடுவுல பேசக்கூடாது, எல்லாரும் பேசி முடிக்கட்டும்னு வாசல்ல சொன்னாங்க."

என்ன சங்கதி? சத்தமா சொல்லுங்க, கடைசி வரிசைக்கும் கேக்கட்டும்.

"எம் பொண்டாட்டி வெள்ளையம்மாவுக்கு அதே காய்ச்சலுங்க. ஐயருக்கு வந்த மாரியே பல்லு தந்தி அடிக்குது. வண்டி வேணும் சாமி."

கேட்டீர்களா சபையோரே? அன்று ஏலம் முடியட்டும் என்று உட்காரவைத்தோம். இன்று இரங்கல் முடியட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறோம்! வண்டி இல்லாமல் செத்தவருக்காக நாம் இங்கே அழுதுகொண்டிருந்தோம், வண்டி கேட்டு வந்தவர் வெளியே நின்றுகொண்டிருந்தார்! தீர்த்தகிரி, இந்தத் தடவை அடையாளம் என்ன கொண்டு வந்தீங்க?

"ஒண்ணும் எடுத்துனு வரலீங்க. போன தடவ எடுத்துனு வந்தது ஏலத்துல போயிடுச்சே."

இப்போது ஏன் யாரும் சிரிக்கவில்லை?

செயலாளர் எழுந்து நிற்கிறார். தீர்மானம் நிறைவேறிவிட்டால் வண்டி மலைக்குப் போக முடியாது என்கிறார். இன்னும் நிறைவேறவில்லை அல்லவா? நிறைவேறுவதற்குள் வண்டி போய்விடும். பிறகு நீங்கள் நிதானமாகக் கை தூக்குங்கள்.

இந்த மாதிரி மேடையில் கடைசியாக ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். சொல்கிறேன். மறைந்த உபதேசியார் தேவமணி அவர்களின் மலைக்கு இன்று முதல் நான் போகிறேன். கமிட்டியின் நியமனம் எனக்கு வேண்டாம். எனக்குப் பிரசங்கம் வராது, அவரும் அங்கே பிரசங்கத்தோடு போய் நின்றதில்லை. களை எடுக்கத் தெரியாது, கற்றுக்கொள்வேன். வண்டி ஒவ்வொரு தடவை கேட்கப்படும்போதும் இந்த வாசலில் வந்து நான் நிற்பேன், கையில் கம்பளி இல்லாமல் நிற்பேன். உங்கள்மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. அது தீரவேண்டும் என்று யாரும் எனக்காக ஜெபிக்க வேண்டாம். கோபத்தோடும் ஒருவன் வண்டி ஓட்டலாம்.

கிருபாராணி அம்மா எழுந்துவிட்டார். உபதேசியாரைப் போர்த்திக் கொண்டுவந்த அந்தக் கம்பளியை மடியில் வைத்திருந்தார், அதைத் தீர்த்தகிரியிடம் கொடுக்கிறார். "வெள்ளையம்மாவுக்குப் போத்துங்க" என்கிறார். சபையோரே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையில் சிவப்பு ஒட்டு இருக்கிறது. இனி ஒருவரும் கண்ணில் படவில்லை என்று சொல்லக்கூடாது.

கோவிந்தன் எங்கே? கொட்டகைக்குப் போய்விட்டாரா? நல்லது. மாடுகள் இன்று ஒன்றும் இழுக்கவில்லை, களைப்பு என்று சொல்ல வழியில்லை.

கல்லில் என்ன வெட்டுவது என்று நீங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். தீர்த்தகிரி, நடங்க. நானும் வரேன்.